வீட்டு மறுப்பாளி

“நீங்க செத்துப்போனா எத்தன பேரு சோத்துக்கு இல்லாம நிப்பாவ, அண்ணாச்சி?” என்று ஜெபக்கனி கேட்டாள்.

எதிரே உட்கார்ந்திருந்த லிங்கத்துரை, பதில் சொல்லுமுன் மூன்று முறை மூச்சிழுத்தார். மீன்மாவு ஆலையில் முப்பது வருடம் கொதிகலன் பார்த்தவர். நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவது வார்த்தைக்குக் காற்று போதவில்லை.

“அழுவுறவங்களயா தாயி கேக்க?”

“அழுவுறவங்கள எண்ணாதீய. யாரு செத்தாலும் நாலு பேரு அழத்தான் செய்வாவ. பட்டினி கெடக்கப் போறவங்கள மட்டும் சொல்லுங்க.”

லிங்கத்துரை விரல்விட்டு எண்ணினார். “பொண்டாட்டி, மவ, ரெண்டு பேரப்பிள்ளைய. அம்மா இருக்கா. அஞ்சு.”

“அம்மாவுக்கு என்ன வயசு?”

“எம்பத்திரெண்டு.”

“அம்மாவச் சேக்க வேண்டாம். எம்பதுக்கு மேல போனவங்களச் சேத்தா, மிச்ச நாலு பேருக்கும் மதிப்பு கொறைஞ்சிரும்.”

அவர் ஒரு விரலை மடக்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் அந்த மடங்கிய விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபக்கனிக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. வெளியே வரிசையில் இன்னும் இருபது பேர் இருந்தார்கள்.

ஊரில் அவளை ஈவிரக்கம் இல்லாதவள் என்பார்கள். இரக்கமுள்ள எழுத்தர்களிடம் போனவர்களில் பாதிப் பேர் கல்லறையில் இருப்பதும் ஊருக்குத் தெரியும். அதனால் தூத்துக்குடி மூச்சுநலக் கூடத்தில் பத்து மேசை இருந்தாலும் அவள் மேசைக்கு முன்னால்தான் வரிசை நீளும்.

காற்றில் சாம்பல் கலந்து இருபது வருடமாகிறது. உள்ளே போன தூள் நுரையீரலை மெல்ல இறுக்கிக் கல்லாக்கிவிடும். டாக்டர்கள் சொல்லும் பெயர் நீளமானது. ஊரில் கல்மூச்சு என்பார்கள். மருந்து கிடையாது. மூச்சுக்கூடு ஒன்றுதான் வழி. நெஞ்சின் மேல் வாரால் கட்டிக்கொள்ளும் டிபன் டப்பா அளவுப் பொறி அது. ரத்தத்தை வெளியே இழுத்து, காற்றூட்டி, மறுபடி உள்ளே அனுப்பும். மாவட்டத்துக்கு மாதம் நாற்பது வரும். கேட்பவர்கள் ஆயிரம் பேர். யாருக்குக் கொடுப்பது என்று மனிதர்கள் முடிவு செய்த காலத்தில் அலுவலக வாசலில் வெட்டுக்குத்து நடந்தது. அதற்குப் பிறகுதான் தேர்வி வந்தது.

தேர்வி, மனிதர் எழுதிவைத்த மொழியையெல்லாம் தின்று வளர்ந்த இயந்திரம். அதற்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் எப்படிக் கேட்கிறோமோ அப்படித்தான் யோசிக்கும். ‘இவருக்குக் கொடுக்கலாமா?’ என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையாக ஒன்றைச் சொல்லும். படிப்படியாகப் போ, ஒவ்வொரு படியையும் எழுதிக் காட்டு, விடையைக் கடைசியில் சொல் என்று எழுதிக் கொடுத்தால் அதே இயந்திரம் வேறு ஆளாகிவிடும். ஒரு பரம்பரை வக்கீல் மாதிரி வாழ்க்கை முழுவதையும் அலசிவிட்டுத் தீர்ப்புச் சொல்லும். தன் கேள்வியைத் தானே எழுதிக்கொள்ளும் உரிமை மனுதாரருக்கு உண்டு என்று சட்டம் வந்தது. எழுதத் தெரியாதவர்களுக்காக வினாவெழுத்தர்கள் மேசை போட்டு உட்கார்ந்தார்கள்.

தொழிலில் சில வித்தைகள் உண்டு. படிப்படியாக யோசிக்க வைப்பது படியேற்றம். ஒரே கேள்வியை ஏழு தடவை கேட்டு, எந்த விடை அதிகம் வருகிறதோ அதை எடுத்துக்கொள்வது ஏழுவாய். சொன்ன விடையைத் தானே எதிர்த்து வாதாடச் சொல்வது எதிர்வாய். குழப்பமான இடத்தில் ஒவ்வொரு வழியிலும் கடைசிவரை நடந்து பார்க்கச் சொல்வது கிளைவிரி. இவை எல்லாவற்றையும்விட வலுவானது காட்டு. கேள்விக்கு முன்னால், இதற்குமுன் சரியாகத் தீர்க்கப்பட்ட வழக்குகளைப் படி பிசகாமல் எழுதிக் காட்டினால், தேர்வி அதே தடத்தில் நடக்கும்.

ஆனால் ‘ஆம்’ என்று முடியும் காட்டுகளை மட்டும் வைத்தால் அது சந்தேகப்படும். ‘இல்லை’ என்று முடியும் காட்டும் ஒன்று வேண்டும். இன்னாருக்குக் கொடுக்காதது ஏன் நியாயம் என்று அது நன்றாகப் புரிந்துகொண்டால்தான், இவருக்குக் கொடுப்பது ஏன் நியாயம் என்பதும் புரியும். அந்த இன்னார் கற்பனை ஆளாக இருந்தால் செல்லாது. குடியெண் உள்ள, உயிரோடு இருக்கிற, கைரேகை வைத்துச் சம்மதித்த மனிதராக இருக்க வேண்டும். இவன் மூச்சு விடத் தகுதியில்லாதவன் என்று எழுதுவதற்கு எந்த வெளியாள் கைரேகை வைப்பான்? ஆகவே எழுத்தர்களிடம் ஒரு வழக்கம் வந்தது. வீட்டில் ஆரோக்கியமாக இருக்கும் ஒருவரை மறுப்பாளியாக வைத்துக்கொள்வார்கள். பக்கத்து மேசைப் பூரணத்துக்கு அவள் புருஷன். அவரைப் பற்றி எழுதும்போது மட்டும் பூரணத்தின் முகத்தில் ஒரு தனிக் களை வரும்.

ஜெபக்கனிக்குத் தம்பி ஆசீர். அன்று லிங்கத்துரையின் மனுவிலும் அவன்தான் மறுப்பாளி.

‘படி ஒன்று: வயது முப்பத்தொன்று. மணமாகாதவர். படி இரண்டு: நிலையான வேலை இல்லை. ஐந்து வருடத்தில் எட்டு இடம் மாறியவர். படி மூன்று: தாய்க்கு மருந்து வாங்கப் போனவர் வழியில் பந்தாட்டம் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியதுண்டு. மூச்சுக்கூட்டை நேரத்துக்குக் கழுவி மாற்றுவார் என்று நம்ப இடமில்லை. படி நான்கு: இவரை நம்பி யாரும் இல்லை. படி ஐந்து: ஒரு தமக்கை உண்டு. சம்பாதிப்பவர். தாங்கிக்கொள்வார். ஆகவே: இல்லை.’

நான்கு வருடமாகச் செதுக்கிச் செதுக்கி வந்த எழுத்து அது. ஒரு சொல் கூடவோ குறையவோ முடியாது. அதனால் மூச்சுக்கூடு பெற்று இன்றைக்கு உயிரோடு நடமாடுகிறவர்கள் அறுநூற்றுப் பத்துப் பேர். போன வருடம் அதற்கு நற்காட்டு விருது கிடைத்தது. பொன்னாடை போர்த்தி, அந்த எழுத்தைத் தேர்வியின் நிரந்தர நினைவிலும் ஏற்றினார்கள். ஆசீர் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினான்.

அரை மணி நேரத்தில் லிங்கத்துரைக்கு ‘ஆம்’ வந்தது. அறுநூற்றுப் பதினொன்று. அவர் ஜெபக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லப் பார்த்தார், மூச்சு வரவில்லை. அவள் கையை உருவிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அந்த வாரமே ஆசீர் விழுந்தான்.

அதற்கு ஒரு பின்கதை உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்புவரை அவன் எதையும் படித்துப் பார்க்காமல்தான் கைரேகை வைப்பான். மறுப்பாளி வாசித்துப் பார்த்த பிறகே ரேகை வைக்க வேண்டும் என்று புது விதி வந்ததும், முதன்முறையாக வாசித்தான்.

“எக்கா, இது நாந்தானா?”

“மிஷினுக்காக எழுதுறதுல. நீ அத மனசுல போட்டுக்கிடாத.”

“அம்மா உசுரோட இருக்கையில மருந்து வாங்காம வந்தது... அது ஒருக்கதான?”

“ஒருக்க நடந்தாலும் நடந்ததுதான? பொய் எழுதுனா தேர்வி மோந்து பிடிச்சிரும்.”

அவன் ரேகை வைத்துவிட்டுப் போனான். அடுத்த திங்கட்கிழமை சாம்பல் மூட்டை கட்டும் கிட்டங்கியில் வேலைக்குச் சேர்ந்தான். ஊரில் வேறு யாரும் நிலைத்து நிற்காத வேலை அது. இரண்டு வருடம் ஒரு நாள் லீவு எடுக்கவில்லை. அவன் சொன்னதில்லை, ஆனால் ‘நிலையான வேலை இல்லை’ என்ற அந்த இரண்டாம் படியைப் பொய்யாக்கத்தான் போனான். ஜெபக்கனிக்கும் அது தெரியும். இருந்தும் படியை மாற்றவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எழுத்தில் கைவைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

டாக்டர் நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு நுரையீரலும் முக்கால்வாசி கல் என்றார். இரண்டு மாதம் என்றார்.

ஜெபக்கனி அழவில்லை. அறுநூற்றுப் பதினோரு பேருக்கு வாங்கித் தந்தவளுக்குத் தன் தம்பிக்கு வாங்கத் தெரியாதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினாள். அப்படி ஒரு வினாவை அவள் வாழ்நாளில் எழுதியதில்லை. மறுப்பாளியாகத் தன்னையே வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை காலை ஆசீரின் குடியெண்ணைத் தட்டினாள். தேர்வியின் குரல் நிதானமான பெண்குரல். யாரையும் கடிந்து பேசாது.

“இந்த மனுதாரரை நான் அறிவேன்” என்றது அது. “இவர் ஏன் தகுதியற்றவர் என்பதற்கு என் நினைவில் அறுநூற்றுப் பதினோரு நற்காட்டுகள் உள்ளன. அனைத்தும் படி பிசகாதவை. ஆகவே: இல்லை.”

“ரெண்டு வருசமா ஒரே வேலையில இருக்கான். சான்றிதழ் வச்சிருக்கேன்.”

“போன வாரம்கூட, நிலையான வேலை இல்லை என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள்.”

ஏழுவாய் போட்டாள். ஏழும் இல்லை. எதிர்வாய் போட்டாள். தேர்வி தன் விடையைத் தானே கடுமையாக எதிர்த்து வாதாடியது. கடைசியில் தோற்றது அந்த எதிர்ப்புதான். யோசிக்க யோசிக்க அதன் ‘இல்லை’ உறுதிப்பட்டுக்கொண்டே போயிற்று. பூரணத்தை எழுதச் சொன்னாள். பூரணம் தன் புருஷனை வைத்து எழுதிப் பார்த்தாள். அந்த மனிதரே ஆசீரைவிடத் தகுதியானவர் என்று தேர்வி பிரியமாகச் சொல்லிற்று.

“நீ எழுதுனத ஒன்னாலயே ஒடைக்க முடியலன்னா வேற யாரால முடியும், ஜெபா?” என்றாள் பூரணம். அதில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

பாக்கி இருந்தது ஒரே வழி. எழுதியவரே வந்து, நான் எழுதிய காட்டு பொய் என்று ரேகை வைத்துச் சொல்லலாம். இதுவரை எந்த எழுத்தரும் அதைச் செய்ததில்லை. பூரணம் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஏ பிள்ள, அந்தக் காட்ட வச்சுத்தான அறுநூறு பேரு மூச்சு விட்டுக்கிட்டிருக்கான். அவங்கள நெனச்சியா?”

“அவங்க எனக்கு யாரு, எக்கா?” என்றாள் ஜெபக்கனி.

தேர்வி அவளைத் தனி அறையில் உட்கார வைத்துக் கேட்டது. எந்தப் படி பொய்? எல்லாப் படியும் பொய் என்றாள். தாய்க்கு மருந்து வாங்காமல் வந்தது? பொய். படிப்படியாகச் சொல்லுங்கள் என்றது. சொன்னாள். ஒரு மணி நேரம் கழித்து அதே கேள்வியை வேறு வார்த்தைகளில் கேட்டது. மத்தியானம் மறுபடி கேட்டது. நாலாவது தடவை கேட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது: ஏழுவாய். அவள் வித்தையை அவள்மேலேயே போடுகிறது. உறைத்தும் என்ன செய்ய? ஏழு தடவையும் பொய், பொய் என்றே சொன்னாள். அடுத்து, தாங்கள் சொன்னதைத் தாங்களே எதிர்த்து வாதாடுங்கள் என்றது. அதையும் செய்தாள். நன்றாகவே செய்தாள்.

சாயங்காலம் தீர்ப்பு வந்தது.

“கிளை ஒன்று: எழுத்தர் முன்பு எழுதியது மெய். எனில் மனுதாரர் தகுதியற்றவர். இல்லை. கிளை இரண்டு: எழுத்தர் முன்பு எழுதியது பொய். எனில் அவர் நான்கு வருடம் ரேகை வைத்துப் பொய் எழுதியவர். மனுதாரருக்கு வேறு உறவில்லை. மூச்சுக்கூட்டைப் பராமரிக்கும் பொறுப்பு இவரிடமே வரும். இப்படிப்பட்டவரிடம் ஒப்படைக்க இயலாது. இல்லை. இரண்டு கிளையும் ஒரே இடத்தில் முடிகின்றன.”

ஜெபக்கனி எழுந்து நின்றாள். குரல் இன்னும் முடிக்கவில்லை.

“காட்டுகள் மெய்யா பொய்யா என்பதில் எழுத்தர் சொல்லை இனி ஏற்க இயலாது. ஆகவே அவற்றால் அனுமதி பெற்ற அறுநூற்றுப் பதினோரு பேரின் மனுக்களும் மறு ஆய்வுக்கு வருகின்றன, தேதி வரிசையில், நாளொன்றுக்கு நான்கு. அதே எழுத்தர், அதே மறுப்பாளியை நேரில் அமர்த்தி, ஒவ்வொரு படிக்கும் அவர் வாயால் ஒப்புதல் பெற்று மீண்டும் எழுத வேண்டும். மறுப்பாளி உயிரோடு இல்லையெனில் காட்டு செல்லாது. ஆகவே மறு ஆய்வு முடியும்வரை மறுப்பாளிக்குத் தற்காலிக மூச்சுக்கூடு வழங்கப்படும்.”

அந்தக் கடைசி வாக்கியம் புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் ஓடினாள். கூடத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஆசீரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். சிரிப்பும் அழுகையுமாக வந்தது.

“கெடச்சிட்டுல! கூடு கெடச்சிட்டு!”

“தகுதியிருக்குன்னு சொல்லிட்டாக்கா?”

அவள் அவன் கையைப் பிடித்து எழுப்பிக் கூடத்துக்குள் கூட்டிப்போனாள்.

மறுநாள் முதல் வேலை தொடங்கியது. காலை பத்து மணிக்கு ஆசீர் நெஞ்சில் மூச்சுக்கூட்டைக் கட்டிக்கொண்டு அக்காளின் பக்கத்தில் உட்காருவான். அவள் ஒவ்வொரு படியாக வாசிப்பாள். இவரை நம்பி யாரும் இல்லை. “மெய்” என்பான். தாய்க்கு மருந்து வாங்காமல் வந்தார். “மெய்.” தமக்கை தாங்கிக்கொள்வார். “மெய்.” தான் மூச்சு விடத் தகுதியில்லாதவன் என்று நாளைக்கு நாலு தடவை சொன்னான். சொல்லச் சொல்ல அவன் உடம்பு தேறியது. ஒட்டியிருந்த கன்னத்தில் சதை பிடித்தது. சாயங்காலம் கடற்கரையில் ஒரு மைல் நடந்தான். இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டான். உயிர் வாழ்வதில் அவனுக்கு முன்பு இல்லாத ஒரு ருசி வந்துவிட்டது.

மறு ஆய்வுக்கு வந்தவர்கள் பயந்துகொண்டு வந்தார்கள். ஜெபக்கனியை ஏச வந்த சிலர், அவள்தான் எழுத வேண்டும் என்று தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் கை தவறவில்லை. எல்லோருக்கும் ‘ஆம்’ வந்தது.

லிங்கத்துரை கடைசி ஆள். கடைசியாகக் கூடு வாங்கியவர் என்பதால் மறு ஆய்விலும் அவர் பெயர் வால்முனையில் இருந்தது. ஆனாலும் வாரத்துக்கு இரண்டு நாள் கூடத்துக்கு வந்துவிடுவார். வரும்போது சீலாக் கருவாடு கொண்டுவருவார். ஆசீரும் அவரும் பெஞ்சில் உட்கார்ந்து பந்தாட்டம் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். இரண்டு பேர் நெஞ்சிலும் கூடு ஒரே தாளத்தில் தட்டும்.

“ஒன் அக்கா எழுதுறதெல்லாம் காதுல போட்டுக்கிடாத மக்கா” என்பார். “ஒரு நா மருந்து வாங்காம வந்தா என்ன? நா எம் பொண்டாட்டிய பிரசவத்துக்கு விட்டுட்டு மேட்சு பாக்கப் போனவன்.”

ஆசீர் விழுந்து விழுந்து சிரிப்பான். அவன் அப்படிச் சிரிப்பதை உள்ளிருந்து கேட்கும்போது ஜெபக்கனி மிச்ச மனுக்களை எண்ணுவாள். முந்நூறு பாக்கி இருந்தது, நூறு, நாற்பது. கடைசி மனு தீர்ந்த அன்று சாயங்காலமே தற்காலிகக் கூட்டைக் கழற்றிவிடுவார்கள். ஆசீருக்காக மறுபடி மனுப் போட்டுப் பார்த்தாள். இரண்டு கிளை, ஒரே முடிவு.

பத்து மனு பாக்கியிருக்கும்போது பூரணம் டீக்கடையில் தன் மேசைக் கதை ஒன்றைச் சொல்லிச் சலித்துக்கொண்டாள். அவள் எழுதிக் கொடுத்த ஆள் ஒருவருக்கு, ஏதோ புகாரின்பேரில் நடந்த மறு ஆய்வில் ‘இல்லை’ வந்துவிட்டதாம். “கூட்டக் கழத்தி ஆஸ்பத்திரியில சிலிண்டர்ல போட்டுட்டாவ. ஒரு மாசம் கழிச்சு அதே எழுத்தர் அதே மறுப்பாளிய வச்சு எழுதணுமாம். அதுவரைக்கும் மறு ஆய்வு முடிஞ்சதா ஆவாதாம். எனக்குன்னு வந்து வாய்க்குது பாரு.”

ஜெபக்கனி டீயைக் கீழே வைத்தாள். “சிலிண்டர்ல ஒரு மாசம் தாங்குவாங்களாக்கா?”

“பத்துக்கு நாலு பேரு தாங்குவான்னு சொல்லுதாவ.”

அறுநூற்றுப் பத்தாவது மனு ஒரு வியாழக்கிழமை ‘ஆம்’ ஆனது. வெள்ளிக்கிழமை லிங்கத்துரை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஜெபக்கனி எழுதத் தொடங்கினாள். தொழில் பழக்கம், மனத்துக்குள்ளும் படி படியாகத்தான் வந்தது. படி ஒன்று: அண்ணாச்சிக்கு வயது ஐம்பத்தெட்டு, பேரன் பேத்தி பார்த்துவிட்டார். படி இரண்டு: உரமான உடம்பு, கொதிகலன் சூட்டில் முப்பது வருடம் நின்றவர். படி மூன்று: பத்துக்கு நாலு பேர் தாங்குகிறார்கள் என்றால், அந்த நாலில் இவர் இல்லாமல் வேறு யார்? படி நான்கு: ஒரு மாதம்தான், மாதம் முடிந்ததும் நாமே நல்லபடியாக எழுதி வாங்கிக் கொடுத்துவிடலாம். அப்படி வாங்கிக் கொடுத்தால் அன்றைக்கே மறு ஆய்வு முடிந்துவிடும் என்பது ஐந்தாவது படியாக வந்திருக்க வேண்டும். அதை அவள் எழுப்பவில்லை. உண்மையில் அவள் எந்தப் படியிலும் ஏறி வந்தவள் இல்லை. விடையை டீக்கடையிலேயே எடுத்துவிட்டாள். படிகளைப் பிறகு கட்டிக்கொண்டிருந்தாள்.

தேர்வியையும் அப்படிச் செய்ய வைப்பது சுலபம். தொழிலுக்கு வரும் புது ஆளுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற எச்சரிக்கை அது. விடையை முதலில் கேட்டுவிடாதே. கேட்டால் அவசரத்தில் ‘இல்லை’ என்று சொல்லிவிடும், பிறகு அந்த ‘இல்லை’க்குப் பொருத்தமாகப் படிகளை அழகாகக் கட்டிக்கொள்ளும், அப்புறம் யாராலும் அதை அசைக்க முடியாது. ஜெபக்கனி வினாவின் கடைசி வரியை வெட்டி எடுத்து முதல் வரியாக ஒட்டினாள். ‘விடையை முதலில் சொல். பிறகு காரணங்களைப் படிப்படியாக எழுது.’ வேறு ஒரு சொல்லையும் தொடவில்லை.

ஆசீர் ஒப்புதல் சொல்வதற்காகத் தாளை வாங்கினான். ஆறு மாதத்தில் அறுநூற்றுப் பத்து வினாக்களை வாசித்தவன். முதல் வரியில் அவன் கண் நின்றது. அக்காளைப் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லிங்கத்துரையைப் பார்த்தான். அவர் அவனைப் பார்த்துக் கண்ணடித்தார். கொண்டுவந்திருந்த கருவாட்டுப் பொட்டலத்தை மேசைக்கு அடியில் அவன் காலருகே தள்ளிவிட்டார். ஆசீரின் வலது கை தானாகப் போய்த் தன் நெஞ்சுக்கூட்டின் வாரைப் பிடித்துக்கொண்டது.

“ஒப்புதல் சொல்லுல” என்றாள் ஜெபக்கனி.

“மெய்” என்றான். ஐந்து படிக்கும் ஐந்து முறை சொன்னான். தாளைத் திருப்பிக் கொடுத்தான்.

“இல்லை” என்றது தேர்வி. ஒரு நொடிகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு ஏழு படிகள் வந்தன. ஒவ்வொன்றும் தீர்க்கமானது, ஜெபக்கனியே எழுதினால்கூட அத்தனை கோவையாக வந்திருக்காது. சுத்தமான தமிழில் சொன்னதால் லிங்கத்துரைக்குப் பாதி பிடிபடவில்லை.

“என்ன தாயி சொல்லுது?”

“ஒரு மாசம் பொறுக்கணுமாம் அண்ணாச்சி. ஆஸ்பத்திரியில சிலிண்டர் குடுப்பாவ. மறுபடி எழுதிக்கிடலாம்.”

ஊழியர்கள் இரண்டு பேர் வந்து அவர் சட்டைப் பித்தானை அவிழ்த்து வாரைத் தளர்த்தினார்கள். வார் சிக்கிக்கொண்டது. ஆசீர் எழுந்து போய், பழகிய கையால் கொக்கியை விடுவித்துக் கொடுத்தான். அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. கூடு நின்றதும் லிங்கத்துரையின் நெஞ்சு மேலும் கீழுமாகத் தூக்கிப்போட்டது. சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அந்த நிலையிலும் மேசைமேல் வினாத்தாளைக் கவிழ்த்து அமுக்கிக்கொண்டிருந்த ஜெபக்கனியின் கையைப் பார்த்துவிட்டார். தன் கையை அதன்மேல் வைத்தார்.

“நீ வருத்தப்படாத தாயி” என்றார். மூச்சு வாங்கியது, காத்திருந்து மிச்சத்தையும் சொன்னார். “அடுத்த மாசமும்... நீதான எழுதப்போற?”

“ஆமா அண்ணாச்சி” என்றாள் ஜெபக்கனி. “நாந்தான் எழுதுவேன்.”